எட்டாவது தட்டு

— சுத்தி வளைக்காதீங்க அண்ணே. ‘கிருமியை மாத்தி ஊத்திட்டேன்’னு இந்தத் தாள்ல எழுதி ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

— இருபத்திரண்டு வருஷமா இந்த லேப்ல கிருமி வளர்க்கிறேன் டாக்டரம்மா. செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போட்டா நாளைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

— அப்போ நீங்களே சொல்லுங்க. நுரையீரலை அரிக்கிற கிருமி இது. நம்ம வெள்ளையணு இதை முழுங்கி, உள்ளே அமிலம் ஊறவச்சுக் கொல்லப் பார்க்கும். அமிலம் ஊறவிடாம தடுக்கிறது கிருமியோட ஒரே ஒரு ஜீன். அதைத்தான் வெட்டி எறிஞ்சுட்டோமே!

— எறிஞ்சோம். தட்டுக்கு ஒருத்தரா எட்டுப் பேரோட வெள்ளையணுவுல விட்டோம். ஏழு பேரோடதுல கிருமி செத்துச்சு.

— எட்டாவது தட்டுல மட்டும் ஜம்முனு உட்கார்ந்திருக்கு! வெட்டாத கிருமியை அதுல ஊத்தியிருக்கீங்க. என் ஒன்பது வருஷ உழைப்பு அண்ணே!

— கோபப்படாம கேளுங்க. உங்ககிட்ட கேட்காம நேத்து ஒரு வேலை பார்த்தேன்.

— அது என்ன கூத்து?

— மண்ணுல சும்மா கிடக்குமே, ஒருத்தருக்கும் கெடுதல் பண்ணாத கிருமி, பரம சாது. அதைப் புதுசா எட்டுத் தட்டுல, அதே எட்டுப் பேரோட அணுவுல விட்டேன். ஏழுல காலி.

— எட்டாவதுல?

— மைக்ராஸ்கோப்ல நீங்களே பாருங்க.

— தள்ளுங்க... உயிரோட இருக்கு. அட, நிஜமாவே இருக்கு!

— கிருமிக்கு ஒரு சாமர்த்தியமும் இல்ல. அந்த ஆளோட அணுவுல அமிலமே ஊறல.

— என் ஜீன் கணக்கு தப்பிச்சுது. உங்க கையும் சுத்தம். அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க அண்ணே.

— நீங்க சொல்றதுக்கு முன்னாடியே கிழிச்சாச்சு! ஆனா அந்த ஆளை நினைச்சா பாவமா இருக்கு. ரத்தம் கொடுத்தது எல்லாம் நம்ம ஸ்டாஃப்தானே?

— ஆமா. பேர் எழுதல. ஆளுக்கொரு சீட்டு, சீட்டுல ஒரு நம்பர். யார் நம்பர் என்னன்னு அவங்கவங்களுக்குத்தான் தெரியும்.

— அப்போ போர்டுல நோட்டீஸ் ஒட்டிடுவோம். இந்தக் கிருமி பக்கம் அவங்க தலைவச்சுப் படுக்கக் கூடாது.

— கூடவே கூடாது. அந்த ரத்தம் இருந்த குழாய்ல என்ன நம்பர்?

— நாற்பத்தொண்ணு.

— இருங்க, என் கைப்பையை எடுக்கிறேன். என் சீட்டு அதுலதான் இருக்கு.

— என்ன டாக்டரம்மா, எழுதிடவா?

— நோட்டீஸ் வேண்டாம் அண்ணே. இந்தாங்க, கிருமி ரூம் சாவி. இனிமே அந்தக் கதவைத் தாண்டி நான் வரக் கூடாது.