அனுசுயா கேட்ட கையெழுத்து

மேடையிலிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, அனுசுயாவின் கணவர் வேல்பாண்டி அவர்களே, ஓடைப்பட்டியிலிருந்து தோட்ட வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் திராட்சை விவசாயிகளே, மாணவச் செல்வங்களே! கனத்த மனத்தோடு வணங்குகிறேன்.

முனைவர் அனுசுயா போய்விட்டார்! பதினாறு ஆண்டுகள் ஒரே ஆய்வகத்தில் அவரோடு வேலை பார்த்தவன் இந்தப் பொன்னுராஜ்.

அவர் செய்த பணி என்ன? தோட்டத்தில் மருந்தடிப்பவர்களின் சளியில், வெள்ளணுக்கள் சுரக்கும் நொதி ஒன்றைத் தேடினார். அளவு மீறினால் நுரையீரலையே அரித்துவிடும் நொதி அது. அதை மட்டும் பற்றிக்கொண்டு ஒளிகாட்டும் ஆன்டிபாடி என்ற புரதத்தை வாங்கிச் சோதித்தோம். ஒளி தெரிந்தது. எங்கள் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. எனக்கு மாலை போட்டார்கள். போட்டுக்கொண்டேன்!

அனுசுயாவுக்கு மட்டும் உறுத்தல். சென்ற தை மாதம், அந்த நொதியே இல்லாத உயிரணுக்களில் அதே ஆன்டிபாடியை விட்டுப் பார்த்தார். அங்கேயும் ஒளி! அதே சாயலுள்ள வேறொரு நொதியையும் அது பிடித்திருக்கிறது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை. "விற்ற கம்பெனிக்காரன் தாளில் போட்டிருக்கிறானே, அது போதும்" என்று தடுத்தது யார்? நான்தான்.

அனுசுயா பஸ் ஏறி ஓடைப்பட்டிக்குப் போனார். முன்வரிசையில் இருக்கும், சோதனைக்குச் சளி கொடுத்த கருத்தக்கண்ணன் சற்று முன் என்னிடம் சொன்னார்: "வீட்டுக்கே வந்தாக சார். 'அண்ணே, ஒங்க சளியில இருக்கிறத தப்பாச் சொல்லிப்புட்டோம், திரும்பப் பாக்கணும்'னு சொன்னாக. படிச்சவுக எங்ககிட்ட வந்து தப்புன்னு சொன்னது அதான் மொதத் தடவ."

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் தான் கையெழுத்திட்டு, என் கையெழுத்துக்காக என் மேசையில் வைத்தார். எனக்குப் பதவி உயர்வு வரும் நேரம். "அடுத்த மாதம் பார்ப்போம்" என்றேன். எத்தனை முறை கேட்டார்! நோய் முற்றி ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபோதும், "சார், அத அனுப்பிட்டீகளா?" என்றார். "அனுப்பியாச்சு" என்றேன். பொய்! அதை நம்பி அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைத் தூங்க விடவில்லை.

இதோ அந்தக் கடிதம். உங்கள் அனைவர் முன்னிலையிலும் கையெழுத்திடுகிறேன். முதல்வர் அவர்களே, இதன் பிறகு என் பதவி பற்றி நீங்கள் எடுக்கும் முடிவு எதுவானாலும் ஏற்கிறேன். கருத்தக்கண்ணன் அண்ணே, திங்கட்கிழமை நாங்கள் வருகிறோம். முதலிலிருந்து தொடங்குவோம். எந்த ஆன்டிபாடியையும் சோதிக்காமல் இனி நம்ப மாட்டோம். இது அனுசுயாவின் ஆய்வகம் தரும் வாக்கு.

மேடம், அனுப்பியாச்சு என்று சொன்னேனே, இன்றுதான் அனுப்புகிறேன். என்னை மன்னிக்க நீங்கள் இல்லையே!