இருபத்துமூன்று சீமாட்டிகள்

வெந்நீரில் ஒரு கரண்டி சலவைச்சோடா போட்டால் எந்தக் கண்ணாடியும் பளிச்சென்று ஆகிவிடும், கண்ணுகளா. குன்னூர் பங்களா ஒன்றில் முப்பது வருஷம் துடைத்தவள் சொல்கிறேன்.

அங்கே ஓர் அலமாரியில் இருபத்துமூன்று கண்ணாடித் தகடுகள் இருந்தன. நூறு வருஷத்துக்கு முன் நியூயார்க்கில் பணக்காரச் சீமாட்டிகளைப் படமெடுத்த ஓர் அம்மாள், கடைசிக் காலத்தில் இங்கே வந்து தங்கியபோது கொண்டுவந்தவை. இறகுத் தொப்பி, முத்துமாலை, நீளக் கழுத்து. நெகடிவ் அல்லவா, ஜன்னலில் பிடித்துப் பார்த்தால் முகம் கறுப்பு, முடி வெள்ளை.

"அக்கா, எல்லாம் உங்க சொந்தக்காரங்களாட்ட இருக்குதுங்க" என்று சிரிப்பான் கூட வேலைசெய்த கீர்த்திவாசன். நானும் சிரிப்பேன். நல்லவன். பின்கட்டு அறையில் மனைவி, கைக்குழந்தையோடு இருந்தான். பூஞ்சை பிடிக்காமலிருக்க அலமாரிக்குள் ஒரு பல்பு எந்நேரமும் எரியும். அதைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு.

ஆடி மழையில் ஒரு வியாழக்கிழமை, தகடுகளை எடுத்துப்போக மியூசியத்திலிருந்து ஜோவிதா என்ற பெண் வருவதாக இருந்தது. செவ்வாயன்று, பளிச்சென்று போகட்டுமே என்று ஒரு தகட்டைக் கழுவினேன். முகம் பாலாடைபோல வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

ஒன்று மட்டும் போனால் யார் கை என்று தேடுவார்கள். எல்லாம் போனால் மலை ஈரத்தைச் சொல்வார்கள். ஆகவே மற்றவர்களையும் குளிப்பாட்டினேன், பாடிக்கொண்டே. உரிந்த படலத்தை அலமாரித் தட்டில் ஈரத்தோடு பரப்பினேன். பல்பை அரைச்சுற்றுத் தளர்த்திவிட்டேன்.

ஜோவிதா அழுதாள். முதலாளி பல்பைத் தொட்டார், ஜில்லென்றிருந்தது.

"எத்தனை மாசமா அணஞ்சு கெடக்குதோ" என்றார்.

"திங்கக்கெழமைகூட எரிஞ்சுதுங்க. ஏனுங்கக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றான் கீர்த்திவாசன்.

"கைக்கொழந்தைக்காரன், மறந்திருப்பானுங்க" என்றேன் முதலாளியிடம். அதைவிட ஆதரவாக யார் பேசுவார்கள்?

மறுநாள் அறையைக் காலிசெய்துகொண்டு மஞ்சூர் பஸ் ஏறினான். குழந்தைக்கு ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட் கொடுத்தேன். கண் கலங்கிக் கும்பிட்டான்.

வெறும் கண்ணாடியை முதலாளி என்னிடமே கொடுத்துவிட்டார். ஸ்ட்ராபெரி நாற்றுகளுக்கு மூடியாக வைத்திருக்கிறேன், அருமையாக வருகின்றன. எனக்கு மனதில் ஒன்றுமில்லை. ஒரே ஒரு தொந்தரவு. நாற்றைப் பார்க்கக் குனியும்போதெல்லாம் கண்ணாடியில் ஒருத்தி தெரிகிறாள், கறுத்த முகம், வெள்ளை முடி. தினமும் சோடா போட்டுத்தான் தேய்க்கிறேன்; அவள் மட்டும் போகமாட்டேன் என்கிறாள்.