ஈரமில்லாத சக்கரம்

மோதிரக் கல் தேய்ப்பதில் எனக்குப் பிடித்தது, ஐயா, அதில் அவசரமே கிடையாது. கரடுமுரடான ஒரு துண்டைக் குச்சி நுனியில் அரக்கு வைத்து ஒட்டி, சுழலும் சக்கரத்தில் காட்டிக் காட்டித் தேய்த்தால் மெல்லத் திரண்டு வரும். அடியில் தட்டை, மேலே மழமழவென்று ஒரு வளைவு. ஆபீஸ் வேலை போக எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

என் மனைவியின் தம்பிக்கு அதைக் கற்றுக்கொடுத்தது நான்தான். அவனுக்கென்று தனியாக ஒரு மெஷினும் வாங்கிக் கொடுத்தேன். பட்டன் கடையில் வேலை, எங்கள் வீட்டில் சாப்பாடு, எந்நேரமும் வாயெல்லாம் பல். நல்ல பையன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

கை அவனுக்கு வாகாக அமைந்துவிட்டது. என் கல்லில் எங்காவது ஒரு தட்டை விழும். அவனுடையது எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வளைவு. “அத்தான், உங்க கல்லைக் கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்” என்பான். நானும் சிரிப்பேன். கல்யாணமான புதிதில் ஒரு பச்சைக் கல் தேய்த்து மோதிரத்தில் பதித்து என் மனைவிக்குக் கொடுத்திருந்தேன். ஒருநாள் அதைக் கழற்றிவிட்டு, தம்பி தேய்த்த சிவப்புக் கல்லைப் பதித்துக்கொண்டு வந்தாள். “எவ்ளோ எடுப்பா இருக்கு பாருங்க” என்று விரலை நீட்டினாள். எடுப்பாகத்தான் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

சக்கரத்துக்கு மேலே ஒரு பாட்டில் தொங்கும். அதிலிருந்து கல்லின்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். மெஷின் விற்றவர் என்னிடம் சொன்னார்: “தண்ணி நின்னா நீங்களும் நிறுத்திடணும் சார். அந்தத் தூள் நெஞ்சுக்குள்ள போனா திரும்பி வராது.” இதை மைத்துனனிடம் நான் சொல்லவில்லை. வேறொன்று சொன்னேன். அதுவும் உண்மைதான்.

“ஈரத்துல எல்லாக் கல்லும் மினுங்கும் மச்சான். காய்ஞ்சாத்தான் கீறல் தெரியும்.”

“அப்ப தண்ணியே இல்லாம தேய்ச்சா?” என்று கேட்டது அவன்தான்.

“தேய்ச்சுப் பாரேன்” என்றேன். பாட்டிலை நானே கழற்றி வைத்தேன்.

தண்ணீர் இல்லாவிட்டால் கல் சூடேறும், அரக்கு இளகும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, நிறைய நேரம் தேய்க்கச் சொன்னேன். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு என்று ஜன்னலைச் சாத்தினேன். அவன் உட்காரும்போது நான் மாடிக்குப் போய்விடுவேன். எனக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது. அவன் வெளியே வரும்போது தூள் படிந்து புருவமெல்லாம் வெளுத்திருக்கும். “அதுக்குள்ள நரைச்சுப்போச்சா மச்சான்?” என்று கேலி செய்வேன்.

முதலில் இருமல். போகப்போக மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டர், “தூசியில வேலையா?” என்று கேட்டார். “இல்ல டாக்டர், பட்டன் கடை” என்றான். கல் தேய்ப்பதை அவன் வேலை என்றே நினைத்ததில்லை, பாவம். என்னை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். சும்மா படுத்துக் கிடந்தால் மனசு சோர்ந்துவிடும், கொஞ்ச நேரம் கல்லாவது தேய் என்றேன். தேய்த்தான்.

அவன் கண்ணை மூடிய பிறகு என் மனைவி அந்த அறையைக் கழுவப் போனாள். இரண்டு மெஷினையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள். பிறகு கூப்பிட்டாள்.

“உங்க மெஷின்ல பாசி பிடிச்சிருக்கு. அவனோடதுல ஏன் ஈரமே இல்ல?”

நான் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை. தெரிந்துதான் செய்தேன் என்று சொன்னேன். செருப்புகூடப் போடாமல் நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் ஓடி வந்தாள். உங்களிடமும் அதையேதான் சொல்கிறேன், ஐயா. தெரிந்துதான் செய்தேன்.

ஒரேயொரு உதவி. அடுத்தமுறை அவள் வரும்போது மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். அந்தச் சிவப்புக் கல்லைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருப்பாள், என்னால் அதைத் தாங்க முடியாது. என் பச்சைக் கல் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. அளவு சரியாக இருக்கும்.