இன்னும் கொஞ்சம் ரோட்டுப் பக்கம்

மழை விட்ட பிறகுதான் தொலைக்காட்சியில் சென்னைப் படம் தெளிவாக விழும் என்று எங்கள் அரியாலையில் எல்லோரும் சொல்வார்கள். அது உண்மையோ தெரியாது ஐயா. அன்றைக்கு நன்றாகவே விழுந்தது.

தில்லைநாதன் அண்ணை என் கூடப்பிறந்தவர். நல்ல மனிதர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என் சைக்கிள் கடை எரிந்த பிறகு பன்னிரண்டு வருடம் அவர் வீட்டில்தான் இருந்தேன். அவர் உடுத்துக் கழித்த வேட்டி, அவர் தந்த அறை. என்னிடம் யாராவது ஏதும் கேட்டால் நான் வாய் திறக்குமுன் அவரே பதில் சொல்லிவிடுவார். ஒருநாளும் என்னை ஏசியதில்லை. ஏசியிருந்தால் வேறு விதமாக முடிந்திருக்கலாம்.

போன கார்த்திகையில் கொழும்பிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டி கொண்டுவந்தார். அயல் முழுக்கக் கூடிவிட்டது. பக்கத்து வீட்டுப் பொன்னம்பலம் பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

"உங்களுக்கு இருந்து பாக்க நேரமிருக்கோ?"

"எனக்கெங்கை? இது தம்பிக்கு. உவனுக்கு வேறை என்ன வேலை?" என்று அண்ணை என் தோளில் தட்டினார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு காற்றில் அன்டெனா திரும்பிவிட்டது. பின்னேரம் ஐந்து மணி இருக்கும். அண்ணை முன்மண்டபத்துச் சீமெந்துக் கூரையில் ஏறி இரும்புக் குழாயைப் பிடித்துத் திருப்பினார். தூறலில் நனைந்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தார். உள்ளே படத்தைப் பார்த்து, யன்னலால் சொல்வது என் வேலை.

"வந்திட்டுதோ தம்பி?"

"இல்லை அண்ணை. இன்னும் கொஞ்சம் ரோட்டுப் பக்கம்."

ரோட்டோரம் மின்சாரக் கம்பி போகிறது. உறையில்லாத கம்பி.

"இப்ப?"

"புள்ளி புள்ளியாய்க் கிடக்கு. இன்னும் சரியுங்கோ."

"கம்பி கிட்டவோ எண்டு பார்."

"இல்லை. நல்ல தூரம்."

படம் முதல் திருப்பலிலேயே வந்துவிட்டது. அதில் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் காதுத்தோடுகூடத் தெரிந்தது. நான் பெட்டியின் பின்னால் கையை விட்டு அன்டெனா வயரைக் கழற்றினேன். மின்சாரம் அந்த வழியே வந்தால் பெட்டி எரிந்துபோகும். புதுப் பெட்டி. பிறகு யன்னலுக்கு வந்து, "இன்னும் ஒரு சாண்" என்றேன்.

அவர் கத்தவில்லை. குழாய் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பினால், அண்ணி மகாதேவி தேத்தண்ணியோடு வாசலில் நின்றார். வயர் என் கையில் இருந்தது. அவர் அதைத்தான் பார்த்தார். அண்ணையின் செத்த வீட்டில் அண்ணி நான் இருந்த பக்கமே வரவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பின்னேரம் நான் குழாயை நேரே நிறுத்தி வயரைப் பூட்டினேன். "வாங்கோ அண்ணி, படம் வடிவாய் விழுது" என்று கூப்பிட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். செருப்பும் போடாமல் படலையைத் திறந்துகொண்டு போனார். உங்கள் பொலிஸ் நிலையத்துக்குத்தான் வருகிறார் என்று எனக்குத் தெரியாது ஐயா. அவருக்குப் படம் பார்ப்பதில் அவ்வளவு விருப்பமில்லையாக்கும் என்றுதான் நினைத்தேன்.