பழகிய கை

ஹாலிஎலயில் பஸ் நின்றபோது, எனக்கு முன் சீட்டில் சாய்ந்திருந்த பெண் பக்கத்திலிருந்த மூத்தவளிடம் சொன்னாள்:

"என் கைதான்க்கா எல்லாத்தையும் கெடுத்துச்சு."

"என்ன ஆச்சு?"

"மகளுக்குக் கோதுமையும் ஆகாது, கச்சான் கடலையும் ஆகாது. உடம்புல சத்தும் பத்தாதுன்னு டொக்டர் சொன்னாரு. அதான் பொறந்தநாளுக்கு அரிசி மாவு, பாசிப்பயறு மாவு, நாலு முட்டை, வாழைப்பழமெல்லாம் போட்டு கேக் சுட்டேன்."

"நல்லாத்தானே செஞ்சிருக்க."

"ஒட்டாம இருக்க ட்ரேயில கோதுமை மாவத் தூவிட்டேன்க்கா, முன்னெல்லாம் தூவுற மாதிரி. வெந்து எறக்குனப்பதான் அந்தக் கோதுமை மாவு டப்பா கண்ணுல பட்டுச்சு."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"அப்புறம்?"

"பக்கத்து லயத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மகளே வெட்டிக் குடுத்தா. அவளுக்கு மிச்சமிருந்த வாழைப்பழத்த உரிச்சுக் குடுத்தேன். 'கேக் வாசம் நல்லாருக்கும்மா'ன்னா."