பார்க்காமல் போட்ட பூஜ்யம்

விண்வெளித் தொடருக்கென்றே ஒரு ரசிகர் மன்றம் கண்டு, என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் தலைவர் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! பிள்ளைகளுக்குத் துணையாக உட்கார்ந்து, பிள்ளைகள் எழுந்து போன பிறகும் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! முகமெல்லாம் வெள்ளிச்சாயம் பூசி, வியர்வையில் பாதி மனிதராகிவிட்ட இயந்திரத் தம்பிகளே! அனைவருக்கும் வணக்கம்.

"நீங்க அதப் பாத்தீங்களா, மாமா?" என்று என் மருமகள் ஒருநாள் கேட்டாள். முப்பத்தோராண்டு இயற்பியல் வகுப்பில் கேள்வி கேட்டே காலம் தள்ளியவன் நான். அந்த ஒரு கேள்வியில் நானே தோற்றேன்.

நடந்தது இதுதான். ஏழாம் பகுதியின் முன்னோட்டம் வந்தது. அரை நிமிடம். விண்கலம் வெடித்தது, வீடே அதிர்ந்தது. கொதித்தேன்! குதித்தேன்! காற்றில்லாத வெளியில் ஒலி எப்படி வரும்? உங்கள் மன்றப் பக்கத்தில் தீர்ப்பெழுதினேன்: "ஏழாம் பகுதிக்கு நூற்றுக்குப் பூஜ்யம். பேசும் கணினியின் குரலோ தகர டப்பா." அடியில் புனைபெயர்: சிவப்பு மை.

ஆமாம் தம்பி, அந்தச் சிவப்பு மை நான்தான். உட்காருங்கள், உட்காருங்கள்! முழங்கால் வலி, ஓடிவிடமாட்டேன்.

பகுதி ஒளிபரப்பாகும் முன்பே நானூறு பேர் "சரியாச் சொன்னீங்க" என்றீர்கள். நான் படிக்காத விடைத்தாளைத் திருத்தினேன். நீங்கள் பார்க்காமல் வழிமொழிந்தீர்கள். இப்படிப்பட்ட வாத்தியாருக்கு இப்படிப்பட்ட வகுப்பு!

அடுத்த வாரம், சாப்பாட்டு மேசையில் மருமகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். குரல் கொடுக்கும் வேலை அவளுக்கு. எந்தத் தொடருக்கு என்று நான் கேட்டதே இல்லை.

"என்னை மாத்தப் போறாங்களாம் மாமா. சிவப்பு மைன்னு ஒருத்தர் தகர டப்பான்னு எழுதிட்டாராம்."

"எவன் அவன், வேல வெட்டி இல்லாதவன்?" என்றான் என் மகன்.

"ரிட்டயர் ஆனவரா இருக்கும்," என்றாள் என் மனைவி, என்னையே பார்த்தபடி.

தினமும் "சாப்பிட வாங்க மாமா" என்று கூப்பிடும் குரல். ஆறு பகுதிகள் கேட்டும் அடையாளம் தெரியவில்லை. ஒலியியல் பாடம் நடத்திய காது இது!

ஒப்புக்கொண்டேன். அப்போதுதான் கேட்டாள், பார்த்தீர்களா என்று.

"இல்லம்மா."

அவள் கத்தவில்லை. அதற்குள் ஒளிபரப்பாகியிருந்த ஏழாம் பகுதியைத் தொலைக்காட்சியில் போட்டாள். "உக்காருங்க."

கலத்தின் பின்பாதி வெடித்தது. சத்தமே இல்லை! அந்த இடிமுழக்கம் முன்னோட்டத்துக்காக ஒட்டியது. பேரமைதி. வெளியே மிதக்கும் ஒருவனின் தலைக்கவசத்துக்குள் மட்டும் கணினியின் குரல்: "காத்து இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. அதுவரைக்கும் நான் பேசிக்கிட்டே இருக்கேன்." தகரமா அது? தவித்தவனைத் தாங்கிய குரல் அல்லவா அது? என் மூக்குக்கண்ணாடி நனைந்துவிட்டது.

"இப்ப எவ்வளவு மார்க்கு, மாமா?"

"எழுபத்தெட்டு."

"மீதி?"

"கதாநாயகன் நடிப்புக்குக் கழிச்சிட்டேம்மா."

சிரித்தாள். ஆனால் சிரிப்பால் வேலை திரும்பாது. குரலை மாற்றுவதா வேண்டாமா என்று திங்கட்கிழமை முடிவு செய்கிறார்கள். ரசிகர் கருத்தைப் பார்த்துத்தான் முடிவாம். சொந்தப் பெயரில் மறுமதிப்பீடு எழுதினேன். கோபத்துக்கு நானூறு பேர் வந்தீர்கள். மன்னிப்புக்கு வந்தவர்கள் மூன்று பேர். அதிலும் ஒருத்தி என் மனைவி!

குற்றவாளிக்கு ஒலிபெருக்கி கொடுத்த தலைவருக்கும், எழுந்து போகாமலிருந்த உங்களுக்கும் நன்றி, வணக்கம். வீட்டுக்குப் போனதும் ஏழாம் பகுதியின் கடைசிப் பத்து நிமிடத்தைக் கேளுங்கள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், உங்கள் காதில் விழுந்ததை மட்டும் திங்கட்கிழமைக்குள் எழுதுங்கள்.