நேரம் பார்த்தவள்

சீனரின் பழங்கால நாடகம் பார்ப்பதென்றால் தேத்தண்ணியை முதலே ஊற்றி வைத்துக்கொள்ள வேண்டும், தம்பி. நடுவில் எழும்பிக் குசினிக்குப் போனால் திரையின் அடியில் ஓடுகிற இங்கிலிஷ் எழுத்துத் தவறிவிடும். பிறகு யாருக்கு யாரைப் பேசியிருக்கிறார்கள் என்று பிடிபடாது. எல்லாப் பெண்களுக்கும் ஒரே கொண்டை, எல்லா மாமியாருக்கும் ஒரே முகம். இந்தப் பழக்கம் எனக்கு நிரூபாவால் வந்தது. உங்கள் கலியாண அழைப்பிதழை மேசையில் வைத்துவிட்டு இருங்கள். அவள் வேலையால் வர இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருக்கிறது.

நேரில் வந்து தந்தீர்களே, அது உங்கள் பெரிய மனசு. இரண்டு வருசத்துக்கு முன் இதே நார்த்மீட் வீட்டுக்கு நிரூபாவைக் கேட்டு வந்து, வெறுங்கையோடு போனவர் நீங்கள். அவளுக்குச் சிறிதரனைப் பிடிக்கவில்லையாம் என்று உங்களைப் பற்றிச் சனம் கதைத்தது. நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது பிழை. அதைச் சொல்லத்தான் உங்களை இருக்கச் சொன்னேன்.

அவள் என் தங்கச்சி கலாவின் மகள் என்பது உங்களுக்குத் தெரியும். கலாவும் புருசன் விக்னராஜாவும் கடைசிப் பெடியனும் 2009இல் வன்னியில் ஷெல் விழுந்து ஒரே பங்கருக்குள் செத்துப்போனார்கள். நிரூபா தண்ணி எடுக்கப் போயிருந்தாள், தப்பினாள். அடுத்த வருசம் ஆடியில் மாணவர் விசாவில் அவளை இங்கே சிட்னிக்கு எடுத்தேன். அப்போது என் மனிசன் அரியரத்தினம் செத்து எட்டு மாதம். மகன் அருந்தவன் மெல்பேர்னில். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் போன் எடுப்பான், அதுவும் கார் ஓடிக்கொண்டு. நான் ரேடியோவைப் போட்டுவிட்டு அதோடு கதைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அவள் வந்த பிறகு இந்த வீட்டில் கறி மணந்தது. என் இன்சுலின் ஊசியை அவள்தான் போடுவாள், வலிக்காமல் போடுவாள். லிட்கமில் ஒரு சீனக் கடையில் அந்த நாடகத்தின் டிவிடி கட்டு ஒன்று வாங்கி வந்தாள், நாற்பத்திரண்டு பாகம். வகுப்பில்லாத நாளில் பின்னேரம் ஐந்தரைக்கு ஒரு பாகம். எனக்கு அந்த எழுத்தை ஓடி ஓடி வாசிக்க ஏலாது. அவள் வாசித்துத் தமிழில் சொல்வாள். கலியாணத் தரகுக்காரி பேசும்போது குரலை இழுத்து, மூக்கால் பேசிக் காட்டுவாள். அவள் சிரித்ததை நான் முதன்முதலில் கேட்டது அப்போதுதான். என் வாழ்க்கையிலேயே நல்ல காலம் எதுவென்று கேட்டால் அவள் வந்த முதல் ஐந்து மாதத்தைத்தான் சொல்வேன். அரியரத்தினம் கோபிக்கமாட்டார்.

பிறகு சனம் தொடங்கியது. கோயிலில், பிறந்தநாள் வீடுகளில், தமிழ்க் கடையில் மரக்கறி பொறுக்கும்போதுகூட.

"நாகேஸ் அக்கா, பிள்ளையின்ரை குறிப்பைத் தாங்கோவன். நல்ல இடம் ஒண்டு இருக்கு."

குறிப்பு இருந்தால்தானே கொடுப்பதற்கு. சாதகக் கொப்பி வன்னியில் பெட்டியோடு எரிந்துபோனது. புதிதாகக் கணிக்கப் பிறந்த நேரம் வேண்டும். எங்கள் ஆட்களில் பிள்ளை பிறக்கிறபோது நேரம் பார்க்கவென்று ஒருவரை நிறுத்துவது வழக்கம் அல்லவா. 1987 சித்திரையில் யாழ்ப்பாண ஆசுப்பத்திரி விறாந்தையில் மணிக்கூட்டோடு நின்றது நான்தான். பிள்ளையின் முதல் அழுகை கேட்டதும் பார்த்தேன். அந்த நேரத்தைக் கலா அறிவாள், விக்னராஜா அறிவார், நான் அறிவேன். 2010இல் அதை அறிந்த ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான். அந்த யோசனை எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாத்திரம் கழுவும்போது வந்தது. வந்த உடனேயே அதை விரட்டியிருக்க வேண்டும்.

அரியரத்தினத்தின் கொம்பியூட்டரில் சாதகம் கணிக்கிற புரோகிராம் ஒன்று இருந்தது. நிரூபா வகுப்புக்குப் போயிருந்தாள். உண்மையான நேரத்தை அடித்தேன், காலை ஆறு பத்து. செவ்வாய் பதினோராம் வீட்டில். அப்பழுக்கில்லாத குறிப்பு. தட்டில் வைத்துக் கொண்டுபோவார்கள் என்று தெரிந்தது. பிறகு எட்டு மணி என்று அடித்துப் பார்த்தேன். செவ்வாய் பத்தாம் வீட்டுக்குப் போனது. பத்து மணி என்றால் ஒன்பதாம் வீடு. பகல் பன்னிரண்டு இருபது அடித்தபோது எட்டில் வந்து இருந்தது. எட்டில் செவ்வாய் உள்ள பெண் கட்டினவனைத் தின்பாள் என்று நம் சனம் நம்புகிறது. படித்த சனமும் நம்புகிறது. நானும் நம்புகிறேன். சாத்திரியாருக்குப் போன் எடுத்துப் பன்னிரண்டு இருபது என்று சொன்னேன். அவர் நல்ல மனிசன். "நேரம் நிச்சயந்தானே அம்மா?" என்று இரண்டு தரம் கேட்டார். நான்தான் நின்று பார்த்தேன் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

இரண்டு வருசத்துக்கு என்றுதான் நினைத்தேன். வந்த பிள்ளை கொஞ்சம் ஆறட்டும், விசா அலுவல் முடியட்டும், பிறகு ஞாபகப் பிசகு என்று சொல்லித் திருத்தலாம் என்று. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டு வந்த இடங்கள் எல்லாம் குறிப்பைப் பார்த்ததும் பேச்சை மாற்றிக்கொண்டு போயின. நிரூபா குறிப்பை மடித்துத் தன் பாஸ்போட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

நாடகத்தைப் பார்த்துத்தான் இதைப் பழகினேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பாகம் பிறகுதான் வந்தது. அந்தக் காலச் சீனரிடமும் நம்மைப்போல வழக்கம் இருந்திருக்கிறது. பொம்பிளையும் மாப்பிள்ளையும் பிறந்த நாள் நேரம் எழுதின சிவப்புத் தாளை மூதாதையர் படத்துக்கு முன்னால் மூன்று நாள் வைப்பார்கள். அதற்குள் வீட்டில் ஒரு கோப்பை உடையக் கூடாது, ஒரு சண்டை வரக் கூடாது. நாடகத்தில் ஒரு விதவை அத்தை, மூன்றாம் நாள் வேண்டுமென்றே கோப்பையைக் கைநழுவ விடுகிறாள். அவள் வளர்க்கிற பெட்டையின் கலியாணம் குழம்பிப் போகிறது.

"பாருங்கோ பெரியம்மா, என்ன மனிசி இது," என்றாள் நிரூபா.

"நல்லா இருப்பாளோ இவள்," என்றேன் நான். உண்மையாகவே கோபப்பட்டுத்தான் சொன்னேன். அந்த அத்தையை எனக்குக் கண்ணில் காட்ட ஏலாது.

நாலைந்து நாளுக்குப் பிறகு இன்னொரு பாகம். அத்தை அந்தப் பெட்டையைப் பிடித்து, நீ பிறந்த நேரந்தான் உன் தாயைக் கொண்டுபோனது என்று சொல்கிறாள். நிரூபா அதையும் வாசித்துத் தமிழில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு ரிமோட்டை அமத்திப் படத்தை நிப்பாட்டினாள். நான் மடியில் வெங்காயம் வைத்து உரித்துக்கொண்டிருந்தேன்.

"பெரியம்மா, எட்டில செவ்வாய் எண்டால் அது புருசனுக்கு மட்டுந்தானோ? இல்லாட்டி வீட்டில இருக்கிற ஆக்களுக்குமோ?"

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். "நடந்ததைக் கிண்டி என்ன பிள்ளை செய்யிறது," என்றேன்.

"நான் தண்ணிக்குப் போன நேரந்தான் விழுந்தது. அம்மா, அப்பா, தம்பி. என்னை மட்டும் விட்டிட்டுது."

"போடு பிள்ளை, மிச்சத்தைப் பாப்பம்."

போட்டாள். நான் ஓம் என்று சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவள் கேட்டாள், நான் இல்லை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். இல்லை என்று சொல்லியிருந்தால் ஏன் இல்லை என்று கேட்டிருப்பாள்.

அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பயப்படத் தொடங்கினாள். நான் இருமினால் ஓடி வருவாள். வேறு வீடு பார்த்துப் போகவா, உங்களுக்கும் ஏதும் வந்துவிடும் என்று ஒருநாள் கேட்டாள். என்னுடைய குறிப்பில் வியாழன் நல்ல பலம், உன்ரை செவ்வாய் என்னைத் தொடாது, உன்னோடு பயமில்லாமல் இருக்கக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்று சொல்லி அவள் தலையைத் தடவினேன். என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். நன்றி பெரியம்மா என்று சொன்னாள். அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. விளக்குக் கொளுத்தும்போது கலாவின் படத்தை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

2011 ஆவணியில்தான் நீங்கள் வந்தீர்கள். அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக்கு நீங்கள் மருந்து கொண்டுபோய்க் கொடுக்கிற இடத்தில் பழக்கமாம். நல்ல பெடியன் என்று பார்த்த உடனேயே தெரிந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அன்ரி, நான் குறிப்பை நம்பிறேல்லை, நிரூபாவை நம்பிறன்," என்றீர்கள். உங்கள் அம்மா யோகராணி குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து போன் எடுத்து அழுதா. ஆனால் அவவும் இறங்கி வந்துவிட்டா. "செவ்வாய்க்கு ஒரு சாந்தி செய்விச்சுப்போட்டுச் செய்வம் அக்கா, பிள்ளையள் ஆசைப்படுதுகள்," என்றா. இனிக் குறிப்பு எனக்கு உதவாது என்று விளங்கிவிட்டது. எல்லாக் கதவும் திறந்திருந்தது. மாட்டேன் என்றது நிரூபா மட்டுந்தான்.

உங்களிடம் விருப்பமில்லை என்று ஒரு சொல்லில் முடித்தாள். நீங்கள் காரை எடுத்துக்கொண்டு போன பிறகு குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றாள். வெளியே வந்து என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"அவர் உயிரோட இருக்கட்டும் பெரியம்மா. எங்கையாவது, ஆரோடையாவது இருக்கட்டும். இன்னொரு ஆளையும் என்னால குடுக்க ஏலாது."

அப்போது நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வசனம். நேரம் பிழை பிள்ளை, நீ பிறந்தது காலை ஆறு பத்துக்கு. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் முகத்தைத் துடைத்துவிட்டு என் ஊசியை எடுத்து வந்து பக்கத்தில் இருந்தாள். எந்தப் பக்கம் இன்றைக்கு என்று கேட்டாள். இடப் பக்கம் என்றேன்.

கோபப்படுங்கள். உங்களுக்கு உரிமை இருக்கிறது. இருந்துகொண்டு கோபப்படுங்கள், தலையைச் சுற்றினால் விழுந்துபோவீர்கள்.

இதை ஏன் இப்போது சொல்கிறீர்கள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். மனதில் வைத்திருக்க ஏலாமல் போய்விட்டது, ஒருவரிடமாவது கொட்ட வேண்டும் போலிருந்தது. போன மாதமே உங்களுக்குக் கலியாண எழுத்து முடிந்துவிட்டது என்று உங்கள் அம்மா சொன்னா. சட்டப்படி நீங்கள் கலியாணம் முடித்த ஆள், தாலிதான் மிச்சம். நீங்கள் எழுதின அந்தப் பிள்ளை மெல்பேர்னில் வேலையை விட்டுப்போட்டு உங்களை நம்பி வந்திருக்கிறாள். நீங்கள் அவளைத் தெருவில் விடுகிற ஆளில்லை. எழுத்து முடியட்டும் என்றுதான் பொறுத்திருந்தேன். முந்திச் சொல்லியிருந்தால் எல்லாருக்கும் குழப்பம். இப்போது ஒருவருக்கும் நட்டமில்லை.

நான் செய்தது பாவந்தான். நான்தான் நேரத்தை மாற்றினேன், நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். யார் கேட்டாலும் மறுக்கமாட்டேன். ஆனால் அவளிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும் என்கிறீர்களே, அது ஏலாது தம்பி. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவளுக்கு இருபத்தாறு வயது. நிரந்தர விசா வந்துவிட்டது. கார் ஓடுகிறாள், சொந்த உழைப்பு இருக்கிறது. தன் தாயைத் தான் கொல்லவில்லை என்று தெரிந்துவிட்டால், அவள் எதற்காக என்னோடு இருக்கப்போகிறாள்?